ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டது... லேப் எங்கே?

நெட் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் குவியும். துறைத் தலைவர் சால்வை போர்த்துவார். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம்கூட வரலாம். அடுத்த சில நாட்களிலேயே, தேர்ச்சி பெற்ற மாணவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "சார், ஜே.ஆர்.எஃப். கிடைச்சிருச்சு. பிஎச்.டி. சீட் எப்போ அலாட் பண்ணுவாங்க?"

அலாட் செய்ய யாருமே இல்லை. இதை அந்த மாணவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் பலர், ஒருவரும் சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து நம் பிள்ளைகள் பார்த்துப் பழகியது ஒரே வழிதான். மதிப்பெண் வரும், தரவரிசை வரும், கவுன்சிலிங் நடக்கும், இடம் கிடைக்கும். ஆராய்ச்சிப் படிப்புக்கும் அதே வழிதான் என்று அவர்கள் நம்புவது இயல்பு. ஆனால் ஆராய்ச்சி உலகில் தேர்வு என்பது வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போவது, ஒரு மனிதர் இன்னொரு மனிதரைத் தேர்ந்தெடுப்பதால் நடக்கிறது.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வாளராகத் தரம் உயர்ந்தால் 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. தங்கும் விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. கிராமத்துக் குடும்பம் ஒன்றில் முதல் தலைமுறையாக எம்.எஸ்சி. முடித்த பெண்ணுக்கு இந்தத் தொகை எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் கையில் வருவதற்கு, ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ ஒரு வழிகாட்டியின் கீழ் அவர் சேர்ந்திருக்க வேண்டும். உதவித்தொகைக் கடிதத்துக்குக் காலவரம்பு உண்டு. லேப் கிடைக்காமல் அந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல், வழிகாட்டியிடம் காலியிடம் இருக்க வேண்டும். யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். உங்கள் துறையில் பெயர்பெற்ற பேராசிரியரிடம் இந்த ஆண்டு ஓர் இடம்கூட இல்லாமல் போகலாம். அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. கேட்டால்தான் தெரியும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைப்பது இதுதான்: ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் கலை நம்மிடையே ரகசியமாக இருக்கிறது. யாரும் திட்டமிட்டு ஒளித்து வைக்கவில்லை. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. விடுதியிலும், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் உணவகத்திலும், ஐசர் நிறுவனங்களின் மாடிப்படிகளிலும் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அது பேச்சுவாக்கில் போய்ச் சேர்கிறது. மாவட்டத் தலைநகரம் ஒன்றின் கலை அறிவியல் கல்லூரியில் அந்தச் சீனியரே இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை; தகவல் குறைவு. இந்தக் குறையால் இழக்கும் திறமையை நினைத்தால் மனம் பதறுகிறது.

வாசல்கள் ஒன்றல்ல

நெட் மட்டும்தான் வழி என்று நினைத்து ஆண்டுக்கு இருமுறை அதையே எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஒவ்வொரு துறைக்கும் வேறு வாசல்கள் உண்டு. இயற்பியலுக்கும் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கும் ஜெஸ்ட் தேர்வு இருக்கிறது. தரமணி நிறுவனம் உட்படப் பல ஆய்வு நிறுவனங்கள் அதை வைத்து நேர்காணலுக்கு அழைக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆர். தனியாகத் தேர்வு நடத்துகிறது. உயிரியலுக்கு ஜேகீபில்ஸ், பெங்களூரு என்.சி.பி.எஸ். மையம் போன்ற இடங்களுக்கு அது ஒரு வழி. கணிதத்துக்கு என்.பி.எச்.எம். உதவித்தொகைத் தேர்வு. கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல அது. வேதியியல், இயற்பியல், உயிர் அறிவியல், கணிதம் எல்லாவற்றுக்கும் தாள்கள் உண்டு.

பலர் தவறவிடும் இன்னொரு வாய்ப்பு இன்ஸ்பையர் ஃபெல்லோஷிப். முதுநிலை அறிவியல் பாடத்தில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்கள் நெட் இல்லாமலே இதற்கு விண்ணப்பிக்கலாம். தங்கப் பதக்கத்தை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பதக்கமே ஐந்தாண்டு உதவித்தொகைக்கான தகுதி என்பது தெரியாமல் தனியார் பள்ளியில் வேலைக்குப் போய்விடும் பெண்கள் இருக்கிறார்கள். பட்டமளிப்பு விழா மேடையிலேயே பதக்கத்தோடு சேர்த்து இதையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

2024 முதல் நெட் தேர்வில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்றொரு பிரிவும் வந்திருக்கிறது. அதில் தேர்ச்சி பெற்றால் உதவித்தொகை கிடையாது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனி நுழைவுத் தேர்வு நடத்தாமல், நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கிட்டுச் சேர்க்கலாம். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதற்கு முன்பே, எம்.ஃபில். படிப்பு யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு விதிகளோடு முடிந்துபோனது. நம் மாநிலத்தில், குறிப்பாகப் பெண்கள், ஆராய்ச்சி என்றால் என்ன என்று தொட்டுப் பார்த்த முதல் படி அதுதான். அந்தப் படி எடுக்கப்பட்ட பிறகு, எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு முன்னெப்போதும் இல்லாத முக்கியத்துவம் வந்துவிட்டது. அதைக் கடையில் பைண்டிங் செய்து ஒப்பேற்றியவர், விண்ணப்பத்தில் எழுத ஏதுமில்லாமல் நிற்கிறார்.

ப்ராஜெக்ட் சரியாக அமையாதவர்களுக்குக் கோடை ஆய்வுத் திட்டங்கள் கைகொடுக்கும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெல்லோஷிப் இளநிலை மாணவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் திறந்தது. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருந்துவிட்டு வருபவருக்கு மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. ஆராய்ச்சி தனக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடுகிறது. தன்னை நேரில் பார்த்த ஒரு விஞ்ஞானியின் பரிந்துரைக் கடிதம் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீனியர்கள் கிடைக்கிறார்கள்.

1929-இல் போன ஒரு கடிதம்

வழிகாட்டிக்கு எழுதும் முதல் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது, சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவரது புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் அவரைப் போய்ச் சந்தித்தார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சாமர்ஃபெல்ட் சொல்லி, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற மாணவராக இருந்தால் மனமொடிந்திருப்பார். சந்திரசேகர் அந்தக் கட்டுரையில் இருந்த புதிய புள்ளியியல் முறையை எடுத்து, காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1929 ஜனவரியில் அதைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார்.

ஏன் ஃபௌலர்? அதே புள்ளியியலை வெள்ளைக் குறு விண்மீன்களுக்குப் பொருத்தி ஃபௌலர் 1926-இல் எழுதிய கட்டுரையைச் சந்திரசேகர் படித்திருந்தார். தான் செய்த வேலையைப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார் என்று தெரிந்து எழுதினார். ஃபௌலர் சில திருத்தங்கள் சொன்னார். திருத்தி அனுப்பியதும் ராயல் சொசைட்டி இதழில் வெளியிடப் பரிந்துரைத்தார். அந்த ஆண்டே அச்சாகியது. மாணவருக்கு வயது 19 நிரம்பவில்லை. 1930-இல் அரசு உதவித்தொகையில் கப்பலேறியபோது, கேம்பிரிட்ஜில் அவருக்கு வழிகாட்டியாகக் காத்திருந்தவர் அதே ஃபௌலர்.

எல்லோரும் சந்திரசேகர் ஆக முடியாது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கடிதத்தின் அமைப்பை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். அவர் இடம் கேட்டு எழுதவில்லை, வேலையை அனுப்பினார். எல்லோருக்கும் அனுப்பவில்லை, ஒருவருக்கு அனுப்பினார். அந்த ஒருவர் ஏன் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது.

இன்று ஒரு பேராசிரியரின் இன்பாக்ஸைத் திறந்தால் என்ன இருக்கிறது? "மதிப்பிற்குரிய ஐயா, தங்களது புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரே மாதிரியான கடிதங்கள். ஒரே கடிதம் அறுபது பேருக்குப் போயிருப்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பெண் பேராசிரியரை 'சார்' என்று விளித்திருக்கும், சில நேரம் வேறு நிறுவனத்தின் பெயரே இருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் வழவழப்பான கடிதங்களும் சேர்ந்துவிட்டன. அவை இன்னும் வேகமாகக் குப்பைக்குப் போகின்றன. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, சொந்தமாக எழுதுங்கள். விஞ்ஞானிகள் அந்தத் தடுமாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை.

நல்ல கடிதம் அரைப் பக்கம் தாண்டாது. நான் யார், எங்கே படித்தேன் என்று ஒரு வரி. உங்கள் இந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எனக்கு இந்த இடம் புரியவில்லை அல்லது இந்தக் கேள்வி எழுந்தது என்று இரண்டு மூன்று வரி. என் கையால் நான் செய்த வேலை இது: பி.சி.ஆர். ஓட்டியிருக்கிறேன், சால்-ஜெல் முறையில் மெல்லிய படலம் தயாரித்திருக்கிறேன், பைத்தானில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். உதவித்தொகை இருக்கிறதா இல்லையா, எப்போது சேர முடியும், உங்களிடம் இடம் இருக்கிறதா. சி.வி. ஒன்றே ஒன்று, பிடிஎஃப் வடிவில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை ஸ்கேன் செய்து இணைக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அது தொந்தரவு ஆகாது. அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுதலாம். பதில் வராததற்குப் பெரும்பாலும் உங்கள் தகுதி காரணமல்ல. அவரிடம் பணமோ இடமோ நேரமோ இல்லாமல் இருக்கலாம்.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்"

நம் கல்லூரிகளில் மிகச் சாதாரணமாகக் கேட்கும் வாக்கியம் இது. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போகும் மாணவரிடம் அன்பாகத்தான் சொல்கிறார்கள். வேலைப்பளு அப்படி. ஆனால் இது அந்த மாணவருக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இங்குள்ள முன்னணி நிறுவனங்களிலும் தேர்வுக் குழுவினர் சி.வி.யைவிடக் கவனமாகப் படிப்பது பரிந்துரைக் கடிதத்தைத்தான். ஒரு மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதினால் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" என்றுதான் எழுத முடியும். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் ஒரே சொற்களோடு இருந்தால் குழுவுக்கு உண்மை புரிந்துவிடும். ஆசிரியர் மட்டுமே எழுதக்கூடிய வரிகள் வேறு. "கருவி பழுதானபோது இவள் இரண்டு வாரம் உட்கார்ந்து கையேட்டைப் படித்துத் தானே சரிசெய்தாள்." "வகுப்பில் நான் போட்ட ஒரு சமன்பாட்டில் பிழை இருப்பதை எழுந்து சொன்ன ஒரே மாணவன்." இப்படி ஒரு வரி, எத்தனையோ புகழுரைகளை மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல விண்ணப்பங்களில் பரிந்துரையாளருக்கு நேரடியாக லிங்க் போகும். அவருடைய நிறுவன இமெயில் முகவரி வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் பலரிடம் தனிப்பட்ட ஜிமெயில் மட்டுமே இருக்கிறது. இதனாலேயே சில கடிதங்கள் சந்தேகத்தோடு பார்க்கப்படுகின்றன. எல்லா ஆசிரியர்களுக்கும் நிறுவன முகவரி கொடுப்பதற்கு ஒரு கல்லூரி நிர்வாகம் பெரிதாக ஒன்றும் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் உண்மையில் இந்தக் கடிதம் தேவைப்படும். ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். மாணவர்களும் கடைசி நாளில் போய் நிற்காமல் மூன்று வாரம் முன்பே கேட்டு, தங்கள் சி.வி.யையும், எந்த இடத்துக்கு என்ன வேலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்ற குறிப்பையும் கொடுத்தால், ஆசிரியர்களுக்கு எழுதுவது எளிதாகும்.

விசாரித்துவிட்டுச் சேருங்கள்

ஒரு வாடகை வீடு பார்க்கும்போதே தண்ணீர் ஒழுங்காக வருமா, ஹவுஸ் ஓனர் எப்படிப்பட்டவர் என்று முன்பு குடியிருந்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்கிறோம். ஐந்தாண்டு, ஆறாண்டு வாழப்போகும் லேபைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. கைடு கிடைத்ததே பெரிது என்ற நன்றியுணர்விலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது எடுக்கும் முடிவுகளில் மிகப் பெரியது எந்த நிறுவனம் என்பது அல்ல, எந்த வழிகாட்டி என்பதுதான். பெயர்பெற்ற நிறுவனத்தில் கவனிக்காத வழிகாட்டியிடம் மாட்டிக்கொண்டவரைவிட, பெயரில்லாத ஊரில் நல்ல வழிகாட்டியிடம் சேர்ந்தவர் நன்றாக வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். விசாரிக்க வழிகள் உண்டு. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிடைக்கின்றன, யாருக்கும் திறந்தது. வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் யார் யார் எந்த ஆண்டு முடித்தார்கள் என்று தெரியும். இரண்டு ஆய்வேடுகளைத் திறந்து படித்தால் தரமும் தெரிந்துவிடும். அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இப்போது லேபில் இருப்பவர்களிடம், முடிந்தால் அங்கிருந்து வெளியேறியவரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: வாரம் ஒருமுறையாவது பேச நேரம் தருகிறாரா? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள்? சொந்த வேலைகள் ஏவுகிறாரா? விடுமுறைக்கு ஊருக்குப் போக முடிகிறதா? பெண்கள் பாதுகாப்பு பற்றியும் கேட்க வேண்டும். லேபில் உள்ள பெண்களிடம் தனியாக, தொலைபேசியில்.

பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, அல்லது ஆறு மாதம் நிலுவையில் நின்று மொத்தமாக வருகிறதா? கடன் வாங்கி மெஸ் பில் கட்டும் ஸ்காலர்கள் இந்த நாட்டில் ஏராளம். 2019-இல் உதவித்தொகை உயர்ந்தது, தெருவில் இறங்கிப் போராடிய ஆய்வு மாணவர்களால்தான். தொகை உயர்ந்தது, தாமதம் மட்டும் தீரவில்லை.

நேர்காணல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான நிறுவனங்களில் "உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அங்கிருந்து நீங்கள் எதிர்பாராத ஆழத்துக்கு இறங்குவார்கள். பதில் தெரியாத இடத்துக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர்களின் நோக்கம். அங்கே நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். மனப்பாடமாகப் பேசுபவரைவிட, "தெரியவில்லை சார், ஆனால் இந்த எல்லையில் இது பூஜ்ஜியமாகும், அதனால் வரைபடம் இப்படித்தான் போக வேண்டும்" என்று பலகையில் கோடு போட்டுக் காட்டுபவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் பேச்சைக் குறைத்துப் பலகையைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம். சமன்பாட்டுக்கும் வரைபடத்துக்கும் உச்சரிப்பு கிடையாது. உங்கள் ப்ராஜெக்டில் ஏன் அந்த முறை, ஏன் அந்த வெப்பநிலை, கன்ட்ரோல் எங்கே என்ற கேள்விகள் நிச்சயம் வரும். "கைடு சொன்னார்" என்பது பதில் ஆகாது.

கடல் தாண்டும்போது

ஐரோப்பாவில் பல நாடுகளில் பிஎச்.டி. என்பது வேலை. நெதர்லாந்து, சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் ஒப்பந்தம், சம்பளம், வரி, விடுப்பு எல்லாம் உண்டு. விளம்பரம் வரும்; அந்த ஒரு திட்டத்துக்கு என்று விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸஸ் தளத்தில் இவை தொடர்ந்து வெளியாகின்றன. ஜெர்மனியில் பொதுத்துறை ஊதிய அட்டவணையின் ஒரு பங்கு, பெரும்பாலும் பாதி அல்லது மூன்றில் இரண்டு, கொடுப்பார்கள். 2000-இல் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகளில் ஒரே விண்ணப்பத்தில் பல வழிகாட்டிகளுக்கு முயலலாம். பொதுவாக விண்ணப்பக் கட்டணமும் இருக்காது. இது தெரியாமல், வெளிநாடு என்றால் அமெரிக்கா, அமெரிக்கா என்றால் பணம் என்று ஒதுங்கிவிடும் மாணவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் முழுநேர முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் துறையே ஏற்று, மாத உதவித்தொகையும் தரும். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கே நூறு டாலர் அளவில் கட்டணம். பத்து இடங்களுக்கு முயன்றால் லட்சத்தை நெருங்கும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் துறைக்கு எழுதலாம், பல இடங்களில் செய்கிறார்கள். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. டிசம்பரில் விண்ணப்பம் முடியும். ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க மாணவருக்கு அவகாசம் உண்டு என்பது அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட மரபு.

2025 அந்த நாட்டின் கதவை ஆட்டிவிட்டது. பிப்ரவரியில் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மானியங்களில் மறைமுகச் செலவை 15 சதவீதத்துக்குக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. இந்த நிதிக் குழப்பத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, இடம் தருவதாகச் சொன்ன முனைவர் பட்ட மாணவர்களுக்கு அந்த அழைப்பைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற பிரகடனம் வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வைத் தொடரும் போஸ்ட்டாக் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தையே தாண்டும் தொகை அது. அமெரிக்காவை மட்டுமே நம்பித் திட்டமிடுவது இப்போது சரியில்லை என்பது என் கருத்து.

இரண்டு கடிகாரங்கள்

போஸ்ட்டாக் தேடுபவருக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று பட்டம் பெற்ற நாளிலிருந்து. ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெல்லோஷிப்புக்கு 6 ஆண்டுகள். மற்றொன்று பிறந்த நாளிலிருந்து. இந்தியா திரும்புபவர்கள் எதிர்பார்க்கும் இன்ஸ்பையர் ஃபேகல்டி திட்டத்துக்குப் பொதுப் பிரிவில் 32 வயதுதான் வரம்பு. சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எம்.எஸ்சி. முடித்து, இரண்டு மூன்று முறை நெட் எழுதி, ஆறு ஆண்டு பிஎச்.டி. செய்தவருக்கு அப்போதே 31 ஆகியிருக்கும். அதற்குள் வெளிநாடு போய், தனக்கென்று ஒரு துறையை அமைத்து, திரும்பி விண்ணப்பிக்க வேண்டும். இது நியாயமில்லாத கணக்கு. தாமதமாகத் தொடங்கியவர்கள் யார்? வசதி இல்லாதவர்கள், இடையில் வேலைக்குப் போனவர்கள், குழந்தை பெற்றவர்கள். அறிவியலுக்கு வயது வரம்பு வைக்காமலும் திட்டம் நடத்தலாம் என்பதற்கு டி.பி.டி.-வெல்கம் இந்தியா அலையன்ஸ் சாட்சி.

ஆகவே ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள். ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். மேரி கியூரி விண்ணப்பம் செப்டம்பரில் முடியும். அதற்கு உங்களை ஏற்கும் பேராசிரியரோடு சேர்ந்து திட்டம் எழுத வேண்டும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சிலேயே பேச்சு தொடங்கிவிட வேண்டும். போட்டியும் கடுமை: 2024-இல் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டிய விண்ணப்பங்கள், 2025-இல் 17,000-ஐத் தாண்டின. இங்கே நமக்கென்று உள்ள இன்னொரு தடை, தேர்வாளர் அறிக்கை. ஆய்வேடு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய், அறிக்கை வந்து, வைவா நடந்து, தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வரும்வரை மாதங்கள் ஓடும். "டிகிரி வந்துவிட்டதா?" என்று கேட்கும் வெளிநாட்டுப் பேராசிரியரிடம் இந்த நடைமுறையை முதல் பேச்சிலேயே விளக்கிவிடுங்கள். பல நிறுவனங்கள் சமர்ப்பித்ததற்கான கடிதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கத் தயார்.

போஸ்ட்டாக் பேச்சில் விண்ணப்பிப்பவரும் கேள்வி கேட்க வேண்டும். சம்பளத்துக்கு எத்தனை ஆண்டுக்குப் பணம் இருக்கிறது? இங்கே நான் தொடங்கும் வேலையில் எதை என்னோடு எடுத்துச் செல்லலாம்? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதை எழுத்தில் பெறாதவர்களுக்கு, நான்கு ஆண்டு கழித்துத் தங்கள் வேலையைப் பழைய லேபிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்ப நேர்கிறது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். இயற்பியல் தனக்கு இல்லை என்று உணர்ந்து, உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்டாக் ஆக ரைபோசோமைத் தொட்டார். அதன்பின் சுமார் 50 கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்தார். 2009-இல் நோபல் பரிசு வந்தது அதே ரைபோசோமுக்காக. நோபல் கதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த 50 மறுப்புகளும் வேலையின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மறுப்பு வந்த இரவில் ஓர் ஆய்வாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கோரிக்கை. ஆய்வில் சேர்ந்தவர்களின் பட்டியலை, வழிகாட்டி பெயரோடும் தலைப்போடும் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதிகளில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது. அதில் இன்னும் மூன்று பத்திகளைச் சேருங்கள்: பட்டம் பெற்ற தேதி, இடையில் விலகியிருந்தால் அந்தத் தேதி, இந்த ஆண்டு வழிகாட்டியிடம் உள்ள காலியிடம். ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தின் கோப்புகளில் இந்த விவரங்கள் எல்லாமே இருக்கின்றன. ஓர் எழுத்தர் ஒரு வாரத்தில் ஏற்றிவிடலாம். தேனியிலோ திருவாரூரிலோ இருக்கும் ஒரு மாணவி, யாருடைய தயவும் இல்லாமல் அதைத் திறந்து பார்த்து, எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம், யாருக்கு எழுத வேண்டாம் என்று தானே முடிவெடுப்பாள்.